ஒரு சின்னக் கோப்பு 85 லட்சம் கணினிகளை முடக்கியது எப்படி? கணினிக்கு இயங்குதளம் எதற்கு என்பதன் விளக்கம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை இணையம் வழியாக அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. தானாகவே மறுபடி தொடங்கின, மறுபடி நீலத்திரை. விமான நிலையங்களில் செக்-இன் கவுன்டர்கள் முடங்கின. இந்தியாவில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள். மொத்த விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அவை வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் விமான நிலையங்களிலும் இருந்த கணினிகள்.

அன்று பலரும் விண்டோஸ் அப்டேட்டில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். அது இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி வந்தது. பிரவுசர் பழுதானால் பிரவுசர் மட்டும் மூடுகிறது. எக்செல் உறைந்துபோனால் அதை மட்டும் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இந்த ஒரு மென்பொருள் தடுக்கி விழுந்ததும் முழுக் கணினியும் ஏன் கூடவே விழுந்தது?

அந்த மென்பொருள் விண்டோஸ் என்ற இயங்குதளத்துக்கு உள்ளே, அதன் கருவறையில் உட்கார்ந்திருந்தது என்பதுதான் காரணம். அந்தக் கருவறை எதற்கு, அங்கே யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பது புரிய வேண்டுமானால், கணினிக்கு இயங்குதளம் என்று ஒன்று எதற்கு என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

## இயங்குதளம் இல்லாமலே ஓடும் கணினிகள்

எல்லாக் கணினிக்கும் இயங்குதளம் தேவையில்லை. கல்லூரி புராஜெக்டுகளில் புழங்கும் ஆர்டுயினோ யூனோ பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நிரலை வைக்க 32 கிலோபைட் இடம், வேலை பார்க்க 2 கிலோபைட் நினைவகம். அவ்வளவுதான். மின்சாரம் கொடுத்தால், பூட்லோடர் என்ற குட்டித் தொடக்க நிரல் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் நாம் எழுதிய நிரல் ஓடத் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு பிட்டை 1 ஆக்கினால் பலகையிலுள்ள எல்இடி எரியும். 0 ஆக்கினால் அணையும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கேட்பதற்கு ஆளும் இல்லை.

வீட்டிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு, ஏசி ரிமோட் போன்றவற்றுக்குள் இருக்கும் சிப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அதற்கு ‘வாட்ச்டாக்’ என்ற கடிகாரம் சிப்புக்குள்ளேயே உண்டு. நிரல் குறித்த இடைவெளிக்குள் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டத் தவறினால் கடிகாரம் சிப்பை ரீசெட் செய்துவிடும்.

இதெல்லாம் சுமுகமாக நடப்பதற்குக் காரணம், வீட்டில் குடியிருப்பவர் ஒரே ஒருவர். இரண்டாவது நிரல் குடிவந்த நிமிடமே மூன்று தகராறுகள் தொடங்கிவிடும்.

1. நேரம். கட்டளைகளை நிறைவேற்றும் சிபியுவின் ஒரு கோரை (அதிலுள்ள ஒரு கணக்கிடும் பகுதியை) ஒரு நிரல் பிடித்துக்கொண்டால் மற்றது காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? பிடித்தவர் விடவே மறுத்தால்?
2. இடம். இரண்டு நிரல்களும் ஒரே ரேமில்தான் இருக்கின்றன. ஒன்று தவறான முகவரியில் எழுதினால் மற்றதன் கணக்கு கெட்டுப்போகும். வேண்டுமென்றே படித்தால் கடவுச்சொல் போய்விடும்.
3. சாதனங்கள். இருவரும் ஒரே பிரிண்டருக்கு எழுதினால் இருவர் வரிகளும் கலந்து ஒரே தாளில் வரும். வட்டில் ஒரே இடத்தில் எழுதினால் முதலில் எழுதியது அழியும்.

நிரல்களே தங்களுக்குள் அனுசரித்துப் போகலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாயிற்று. விண்டோஸ் 3.1 காலத்தில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு முறை வரும். ஒன்று முரண்டு பிடித்தால் மணல் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கும் முந்தைய எம்எஸ்-டாஸில் இன்னும் மோசம்: எந்த நிரலும் டாஸ் இருக்கும் நினைவகப் பகுதியின் மேலேயே எழுதிவிடலாம். தடுக்க எதுவும் இல்லை.

இயங்குதளம் என்ற கருத்தே முதலில் தகராறு தீர்ப்பதற்காக வந்ததில்லை என்பது வேறு கதை. 1956-ல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து எழுதியதுதான் முதல் இயங்குதளம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு வேலை முடிந்து அடுத்ததை ஆட்கள் தயார்செய்வதற்குள் விலையுயர்ந்த கணினி சும்மா கிடந்தது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஏற்றிவிடும் நிரல் ஒன்றை எழுதினார்கள். ஒரே கணினியில் ஒரே நேரத்தில் பலர் உட்காரும் முறையை எம்ஐடி 1961-ல் செய்து காட்டிய பிறகுதான் பஞ்சாயத்து வேலை முழுசாக இயங்குதளத்தின் தலையில் விழுந்தது.

## அனுமதி என்பது சிபியுவிலேயே பதிந்திருப்பது

இயங்குதளமும் ஒரு நிரல்தானே? மற்ற நிரல்கள் அதன் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? பலர் தவறவிடும் இடம் இதுதான். விடை மென்பொருளில் இல்லை, சிபியுவில் இருக்கிறது.

இன்றைய சிபியு எப்போதும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஒன்று கர்னல் நிலை. இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இதற்கு ‘ரிங் 0’ என்று பெயர். இதில் எல்லாக் கட்டளைகளும் செல்லும். மற்றது பயனர் நிலை, ‘ரிங் 3’. இதில் கணக்குப் போடலாம், தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தைத் தொடலாம். சாதனங்களைத் தொடும் கட்டளை, நினைவக வரைபடத்தை மாற்றும் கட்டளை போன்றவற்றைக் கொடுத்தால் சிபியுவே மறுத்து, கட்டுப்பாட்டைக் கர்னலிடம் ஒப்படைத்துவிடும். (ரிங் 1, 2 என்று நடுவில் இரண்டு உண்டு. விண்டோஸும், லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.)

கர்னல் என்பது ரிங் 0-வில் ஓடும் இயங்குதளத்தின் மையப்பகுதி. பூட் ஆகும்போது, அதாவது கணினி எழும்போது, இது முதலில் ஏறி, சாவிகளைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் எல்லோரையும் ரிங் 3-ல் உட்கார வைக்கிறது.

நோட்பேடில் ஒரு கடிதம் அடித்துச் சேமிக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே நடப்பது இது:

1. நோட்பேடால் சேமிப்பு வட்டான எஸ்எஸ்டியை நேரடியாகத் தொட முடியாது. ஆகவே ‘இந்தக் கோப்பில் இவ்வளவு பைட்டை எழுது’ என்ற வேண்டுகோளின் எண்ணையும் விவரங்களையும் சிபியுவுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு சேமிப்பிடங்களில் வைத்து, ‘சிஸ்டம் கால்’ எனப்படும் தனிக் கட்டளையைக் கொடுக்கிறது.
2. சிபியு கர்னல் நிலைக்கு மாறுகிறது. மாறும்போது, கர்னல் பூட் சமயத்திலேயே பதிந்துவைத்த முகவரிக்குத்தான் தாவும். நோட்பேட் சொல்லும் முகவரிக்கு அல்ல. உள்ளே வர வாசல் உண்டு, ஆனால் எந்த வாசல் என்பதை வருபவர் முடிவுசெய்ய முடியாது.
3. கர்னல் சரிபார்க்கிறது. இந்தப் பயனருக்கு இந்தக் கோப்பில் எழுத அனுமதி உண்டா? எழுதச் சொன்ன தரவு நோட்பேடின் சொந்த நினைவகத்தில்தான் இருக்கிறதா, அல்லது அடுத்தவருடையதைக் காட்டுகிறதா?
4. சரியென்றால் தரவைத் தன் ரேமிலுள்ள இடைச்சேமிப்பில் நகலெடுத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டிக்கு இன்னும் ஒரு பைட்கூடப் போயிருக்காது.
5. சற்றுப் பொறுத்து, வட்டோடு பேசும் டிரைவர் என்ற நிரல் வழியாக மொத்தமாக எழுதுகிறது.

நான்காவது படியைக் கவனியுங்கள். ‘காப்பி ஆகிவிட்டது’ என்று திரை சொன்ன பிறகும் பென்டிரைவை ‘இஜெக்ட்’ கொடுத்தே உருவ வேண்டும் என்பது இதனால்தான். விண்டோஸ் இப்போது பென்டிரைவுகளுக்கு இந்த இடைச்சேமிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. லினக்ஸ் தவிர்ப்பதில்லை, 2 ஜிபி சினிமாவை நகலெடுத்ததும் பட்டை நிறைந்துவிடும், இஜெக்ட் கொடுத்தால் ஒரு நிமிடம் சுற்றும். உண்மையான எழுத்து வேலை அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது.

நேரத் தகராறைத் தீர்ப்பதும் இதே அதிகாரம்தான். ஒரு நிரலிடம் சிபியுவைக் கொடுப்பதற்கு முன் கர்னல் ஒரு கடிகாரத்தை முடுக்கிவிடுகிறது. பல லினக்ஸ் கணினிகளில் இது நொடிக்கு 250 முறை, அதாவது 4 மில்லிநொடிக்கு ஒருமுறை அடிக்கும். அடித்ததும் நிரலின் சம்மதம் கேட்காமலே சிபியு கர்னலிடம் திரும்பிவிடும். ஒரு நிரல் முடிவில்லாச் சுழலில் மாட்டினாலும் மவுஸ் நகர்வதற்கு இதுதான் காரணம்.

இடத் தகராறு தீர்வதுதான் மூன்றிலும் அழகு. ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக ஒரு முகவரிப் பட்டியலைக் கர்னல் எழுதி வைக்கிறது. நினைவகத்தை 4 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ‘உன்னுடைய இந்த முகவரி, உண்மையில் ரேமின் அந்தத் துண்டு’ என்று குறித்திருக்கும். நிரல் ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் சிபியு இந்தப் பட்டியல்படிதான் போகும். ஆகவே இரண்டு நிரல்கள் ஒரே முகவரி எண்ணைப் பயன்படுத்தினாலும் மோதிக்கொள்வதில்லை. பட்டியலில் இல்லாத முகவரியைத் தொட்டால் சிபியு உடனே நிறுத்திக் கர்னலை எழுப்பும். கர்னல் பார்க்கும்; காரணம் நியாயமில்லை என்றால் அந்த நிரலைக் கொன்றுவிடும். லினக்ஸில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று வருவதும், விண்டோஸில் ஒரு செயலி திடீரென்று மறைந்துபோவதும் பெரும்பாலும் இந்தத் தண்டனைதான்.

## கர்னலே தவறினால்

பயனர் நிலையில் தவறு செய்தவரைக் கர்னல் கொல்கிறது. கர்னல் நிலையில் ஓடும் ஒரு பகுதியே இல்லாத முகவரியைத் தொட்டால் யார் கொல்வது?

மேலே யாரும் இல்லை. விண்டோஸ் இந்த இடத்தில் எடுக்கும் முடிவு, எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடுவது. நீலத்திரையைக் கணினி செத்துப்போனதன் அடையாளமாக நினைக்கிறோம். அது வேண்டுமென்றே செய்துகொண்ட நிறுத்தம். ரிங் 0-வில் ஏதோ தடம் மாறிவிட்டது, இனி எந்தப் பட்டியலை நம்புவது என்று தெரியாது. அந்த நிலையில் வட்டில் எழுதத் தொடங்கினால் உங்கள் கோப்புகள் கெட்டுப்போகும். அதைவிட நின்றுவிடுவது மேல். லினக்ஸில் இதற்குக் ‘கர்னல் பேனிக்’ என்று பெயர். லினக்ஸ் சில நேரம் சேதத்தைக் குறித்துக்கொண்டு தொடர்ந்து ஓடவும் பார்க்கும். அது துணிச்சலா அசட்டுத் துணிச்சலா என்பது என்ன கெட்டது என்பதைப் பொறுத்தது.

டிரைவர்கள் இங்கேதான் கதைக்குள் வருகின்றன. டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட சாதனத்தோடு பேசத் தெரிந்த துண்டு நிரல். சாதனத்தைத் தொட வேண்டியிருப்பதால் பல டிரைவர்கள் ரிங் 0-வில் ஓடுகின்றன. வெளியார் எழுதிய நிரல், ஆனால் கர்னலுக்குரிய முழு அதிகாரம். கிரவுட்ஸ்ட்ரைக்கின் பாதுகாப்பு மென்பொருளும் எந்தச் சாதனத்துக்கும் சொந்தமில்லாத ஒரு டிரைவராகவே விண்டோஸுக்குள் ஏறியிருந்தது.

## அன்று காலை உள்ளே நடந்தது

கிரவுட்ஸ்ட்ரைக் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் காரணத்தை விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. டிரைவர் எதைத் தேட வேண்டும் என்ற குறிப்புகள் தனிக் கோப்புகளாக அவ்வப்போது வரும். அன்று வந்தது 291 என்ற எண்ணுள்ள கோப்பு. அது நிரல் அல்ல, நிரல் படிக்கும் குறிப்பு மட்டுமே.

அந்த வகைக் குறிப்புக்கு 21 உள்ளீடுகள் என்று வரையறுத்திருந்தார்கள். ஆனால் அதைப் படிக்கும் பகுதிக்கு வந்து சேர்ந்தவை 20 மட்டுமே. இந்தப் பிசகு பிப்ரவரி முதலே உள்ளே இருந்தது. அதுவரை வந்த குறிப்புகளெல்லாம் 21-ஆவது உள்ளீட்டில் ‘எதுவாயினும் சரி’ என்று விட்டிருந்ததால் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. ஜூலை 19-ல் வந்த குறிப்பு முதன்முதலாக 21-ஆவதை ஒப்பிடச் சொன்னது. டிரைவர் பட்டியலின் எல்லையைத் தாண்டி, தனக்கில்லாத நினைவகத்தைப் படிக்கப் போனது.

இதையே ஒரு சாதாரணச் செயலி செய்திருந்தால் அது மட்டும் மூடியிருக்கும். ரிங் 0-வில் நடந்ததால் முழு விண்டோஸும் நின்றது.

காலை 10.57-க்கு, அதாவது 78 நிமிடத்தில், நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த இடைவெளியில் அணைந்திருந்த கணினிகள் தப்பின. ஆனால் ஏற்கெனவே விழுந்தவற்றுக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. திருத்தத்தை வாங்க நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் எழுவதற்குள் டிரைவர் பழைய கோப்பைப் படித்து மறுபடி விழுந்துவிடும். சில கணினிகளில் நெட்வொர்க் ஒரு கணம் முந்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணினி வாடிக்கையாளர்களுக்கு ‘15 முறைவரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம்’ என்று சொன்னது இந்த ஓட்டப்பந்தயத்தை நம்பித்தான். மற்றவற்றுக்கு ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது:

1. கணினியைச் சேஃப் மோடில் தொடங்குவது. இதில் விண்டோஸ் தனக்கு அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். வெளியார் டிரைவர்களை விட்டுவிடும்.
2. விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டருக்குப் போவது.
3. 291 என்ற எண் உள்ள கோப்பை அழிப்பது.
4. வழக்கம்போல ரீஸ்டார்ட்.

கணினி ஒன்றுக்குச் சில நிமிட வேலைதான். ஆனால் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், முதல் படிக்கு முன்பே 48 இலக்க மீட்புச் சாவியைக் கையால் அடிக்க வேண்டும். சாவிப் பட்டியல் இருந்த சர்வரும் நீலத்திரையில் நின்றிருந்தால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

## அந்த இடத்தில் ஏன் உட்கார விட்டார்கள்?

வைரஸைப் பிடிக்க வேண்டுமானால், எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது, எந்த நிரல் தொடங்குகிறது என்பதை அது நடக்கும் முன்பே பார்க்க வேண்டும். அந்தக் கோரிக்கைகள் எல்லாம் கடக்கும் வாசல் கர்னல்தான். அதோடு, வைரஸ் முதலில் செய்யப் பார்ப்பது காவல் மென்பொருளை மூடுவது. ரிங் 0-வில் இருப்பவரை ரிங் 3-ல் இருப்பவர் மூடுவது கடினம். காரணங்கள் நியாயமானவை. விலைதான் அதிகம்.

மாற்று வழி உண்டு. ஆப்பிள் 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினாவில், பாதுகாப்பு மென்பொருள்கள் பயனர் நிலையில் இருந்தபடியே கர்னலிடமிருந்து தகவல் பெறும் வாசலைத் திறந்து, வெளியார் நிரல் கர்னலுக்குள் ஏறுவதைப் படிப்படியாகக் குறைத்தது. லினக்ஸில் இபிபிஎஃப் என்ற ஏற்பாடு இருக்கிறது: கர்னலுக்குள் ஏற்றும் குட்டி நிரலை, ஏற்றும் முன்பே ஒரு சரிபார்ப்பான் வரிவரியாகப் பார்த்து, எல்லை தாண்டிப் படிக்கக்கூடும் என்றால் திருப்பி அனுப்பிவிடும். 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் பாதுகாப்பு மென்பொருள்களைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது. வெகு காலத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது என்பது என் கருத்து.

## பூட்டு மட்டுமல்ல, பொதுக் கிணறும்

இதுவரை சொன்னது காவல் வேலை. ஒவ்வொரு நிரலும் தனித்தனியாகத் தோண்ட வேண்டிய கிணற்றை ஊருக்குப் பொதுவாக ஒருமுறை தோண்டிவைப்பதும் இயங்குதளத்தின் வேலை.

வட்டுக்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. எண் போட்ட கட்டங்கள் மட்டுமே தெரியும். ஒவ்வொன்றும் 512 அல்லது 4096 பைட். ‘ரசீது’ என்ற கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற பேரேட்டை எழுதிப் பராமரிப்பது இயங்குதளம். கோப்பை அழித்தால் பொதுவாகப் பேரேட்டில்தான் அடித்துவிடுகிறது, கட்டங்களை அல்ல. அழித்த படங்களை மீட்கும் மென்பொருள்கள் பிழைப்பு நடத்துவது இதனால். பென்டிரைவில் இடம் இருந்தும் 5 ஜிபி கோப்பு ஏறாமல் ‘இடமில்லை’, ‘கோப்பு பெரிது’ என்று வந்தால் அதுவும் பேரேட்டுச் சிக்கல்தான். ஃபேட்32 முறையில் கோப்பின் அளவை எழுத 32 பிட்தான் உண்டு. 4 ஜிபிக்கு மேல் எண் பத்தாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் தீரும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

பொதுக் கிணறு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் தமிழில் கணினி பயன்படுத்தியவர்கள். 1990-களில் தமிழை எழுத்தாக அறிந்த இயங்குதளம் கிட்டத்தட்டக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென்று ஒரு ஃபான்ட், தனக்கென்று ஒரு எழுத்து எண் வரிசை, தனக்கென்று ஒரு விசை அமைப்பு வைத்துக்கொண்டது. ஒரு கணினியில் அடித்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 1999-ல் தமிழ்நெட்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளையும் தரப்படுத்தியது இந்தக் குழப்பத்துக்கு ஒரு கரை கட்டத்தான்.

சிக்கல் எழுத்துருவில் மட்டும் இல்லை. ‘கொ’ என்பதை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் கணினி ‘க’, அதன் பின் ஒகரக்குறி என்ற வரிசையில் வைத்திருக்கிறது. திரையிலோ ஒற்றைக் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் வர வேண்டும். ஒரு குறி இரண்டாகப் பிளந்து எழுத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். இந்த அடுக்கும் வேலையை விண்டோஸில் யூனிஸ்கிரைப் என்ற பொதுப் பகுதி எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 2000, லதா ஃபான்ட்டோடு வந்து, இதைத் தமிழுக்கும் செய்தது. அதன் பிறகுதான் வேர்டு, பிரவுசர், கோப்பின் பெயர் எல்லாவற்றிலும் ஒரே தமிழ் என்பது நடைமுறைக்கு வந்தது. (இது கர்னலின் வேலை அல்ல. பயனர் நிலையில் ஓடும் இத்தகைய பொதுப் பகுதிகளையும் சேர்த்துத்தான் இயங்குதளம் என்கிறோம்.)

விண்டோஸுக்கான ஒரு செயலி லினக்ஸில் அப்படியே ஓடாததற்கும் இதுவே காரணம். சிபியு இரண்டுக்கும் ஒன்றுதான். கணக்குப் போடும் கட்டளைகள் இரண்டிலும் செல்லும். ஆனால் கோப்பின் அமைப்பு வேறு, அது கேட்கும் பொதுப் பகுதிகள் வேறு, சிஸ்டம் கால் எண்கள் வேறு. ஒயின் போன்ற மென்பொருள்கள் நடுவில் நின்று ஒவ்வொரு வேண்டுகோளையும் மாற்றிச் சொல்கின்றன.

## ஆதரவு முடிந்த விண்டோஸ் 10

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. கணினி ஓடாமல் போகாது. கர்னலில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு ஒட்டு வருவதுதான் நிற்கும். விண்டோஸ் 11-உம் 10-உம் நிறையக் குறிமுறையைப் பகிர்ந்துகொள்கின்றன. 11-க்கு வரும் ஒட்டைப் பார்த்தே 10-ல் ஓட்டை எங்கே என்று ஊகிக்க முடியும் என்பதுதான் ஆபத்து. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள சிபியுவும் வேண்டும். பல பழைய கணினிகள் இந்த சிபியு பட்டியலில்தான் தடுக்கி விழுகின்றன. அவற்றில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்து பூட் செய்து வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவலாம்.

## எங்கே நின்றது என்று பார்த்தால் எது பழுது என்று தெரியும்

கணினி எழும் வரிசை தெரிந்தால், தொட்டதற்கெல்லாம் ‘விண்டோஸை மறுபடி போட்டுவிடலாம்’ என்ற ஆலோசனையிலிருந்து தப்பலாம்.

1. ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு, பீப் ஒலி வருகிறது. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல் வன்பொருளைச் சோதிக்கும் கட்டம் இது. இயங்குதளம் இன்னும் மேடைக்கே வரவில்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்திப் பாருங்கள்.

2. பூட் செய்யச் சாதனம் இல்லை என்று வருகிறது. ஃபர்ம்வேர் சரி, இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடரைக் காணவில்லை. முதலில், பென்டிரைவ் செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையான பயாஸில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளோ வட்டோ போயிருக்கிறது. தெரிந்தால் பூட் வரிசை மாறியிருக்கலாம், அல்லது பூட்லோடர் பகுதி கெட்டிருக்கலாம்.

3. லோகோ வந்து, நீலத்திரை காட்டி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. கர்னல் ஏறிவிட்டது, ஏதோ ஒரு டிரைவரோ ரேமோ சிக்கல் தருகிறது. சிலமுறை தோற்றதும் விண்டோஸ் தானே மீட்புத் திரையைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் ஒழுங்காக எழுந்தால் கடைசியாக நிறுவிய டிரைவரை நீக்குங்கள். சேஃப் மோடிலும் நீலத்திரை என்றால் ரேமைச் சந்தேகிக்கலாம்.

4. லாகின் ஆகிறது, அதன்பின் உறைகிறது. கர்னல் நலம்; பயனர் நிலையில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தொடக்கத்தில் தானாக ஓடும் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

5. எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம். வட்டின் விளக்கு அணையவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், ரேம் போதாமல் கர்னல் 4 கிலோபைட் துண்டுகளை வட்டுக்கும் ரேமுக்குமாக மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டிருக்கிறது. பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் டேப்களை மூடிப் பாருங்கள். வேகம் திரும்பினால் ரேமைக் கூட்டுவது பலன் தரும். மெமரி பாதிகூட நிரம்பாமல் வட்டு மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. அது பழைய சுழல் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், மாற்றும் முன் உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.